லேபிளில் இருந்த வட்டம்

மதியம் இரண்டு பத்து. முதலில் கண்ணில் பட்டது கழற்றாத ஹெல்மெட். உள்ளே, இறால் ஏற்றுமதி கம்பெனி சூப்பர்வைசரின் வியர்த்த முகம். பென்டிரைவை என் டிடிபி கடை மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, பெட்டி லேபிள். காலாவதி மாசம் அஞ்சுன்னு இருக்கு, இந்த லாட்டுக்கு எட்டாக்கணும். இது போன லாட்டுக்கு வளைகுடாவுல வாங்குறவங்க அனுப்புன பிடிஎஃப். ஆறு மணிக்குள்ள கன்டெய்னர் துறைமுகத்துக்குள்ள போயிரணும். தேதி தப்புன்னு போன வருஷம் ஒண்ணு திரும்பி வந்துட்டு. இன்னொண்ணு வந்தா எனக்கு வேலை இருக்காது."

டிசைன் சாப்ட்வேரில் திறந்தேன். எழுத்தை எழுத்தாகவே எடுக்கவா, கோட்டுருவமாக மாற்றவா என்று கேட்டது. எழுத்தாக எடுத்தேன். ஆங்கிலம் சரியாக வந்தது. கீழே அரபி வரிகள் உதிர்ந்து, இடம் வலமாகப் புரண்டு கிடந்தன. அந்த எழுத்துரு என்னிடம் இல்லை. மூடிவிட்டு, இரண்டாவது வழியில் எடுத்தேன். அரபி அப்படியே நின்றது. ஆனால் இப்போது எல்லாமே படம், எதையும் தட்டித் திருத்த முடியாது. ஆங்கில மாதத்தை அழித்து, அதே அளவில் 08 என்று அடித்து வைத்தேன்.

"அரபியில மாசம் இருக்கா?"

"எனக்கு எங்க தெரியும்? நீங்கல்லா பேப்பர்ல இருந்தவிய."

பத்திரிகையில் பக்கம் கட்டிய நாட்களில் பழகியதைச் செய்தேன். பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். ஆங்கில மாதம் தவிர எல்லாம் பொருந்தியது. அச்சுக்குக் கொடுத்தேன்.

மூன்றே காலுக்கு, விசிட்டிங் கார்டு வாங்க வந்த காயல்பட்டினத்துக்காரர் அச்சாகியிருந்த லேபிள் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். துபாய்க் கடையொன்றில் பல வருடம் இருந்தவர்.

"மேல எட்டாம் மாசம், கீழ அஞ்சாம் மாசமால்லா இருக்கு?"

அவர் விரல் வைத்த இடத்தில் சிறு வட்டம். நான் அதைப் பூஜ்யம் என்று நினைத்திருந்தேன்.

"அரபியில அதுதான் அஞ்சு. பூஜ்யம் வெறும் புள்ளி."

சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "முடிஞ்சுது என் சோலி. பாய், எட்டு எப்படி எழுதணும்?"

"எழுத வேண்டாம். இதுலயே இருக்கு."

மைனஸ் பதினெட்டு டிகிரியில் வைக்கவும் என்ற அரபி வரியைக் காட்டினார். அதில் பதினெட்டின் எட்டு, கூரைபோல இரண்டு கோடு. அதை நகலெடுத்து, வட்டத்தை அழித்து, அங்கே பொருத்தினேன். அவர் இரண்டு முறை வாசித்தார். அதுவரை அடித்ததெல்லாம் குப்பைக்கூடைக்குப் போனது.

நாலு மணிக்குப் புது ஸ்டிக்கர் கட்டோடு சூப்பர்வைசர் ஓடினார். ஹெல்மெட் என் மேசையில் இருந்தது.

கன்டெய்னர் உள்ளே போனதற்கான துறைமுக கேட் சீட்டின் படம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் அச்சாகியிருந்த நேரம் 5.52.