பார்லிமெண்டுக்குப் போன கார்டு

கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் பிடிக்காது. மணியார்டர் ஏன் வரவில்லை, கோந்து ஏன் காய்ந்திருக்கிறது, பேனாவை ஏன் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறீர்கள் என்று ஓயாமல் கேட்பார்கள். கட்டாவிட்டால் பேனா இருக்காது, அதனால்தான். இப்படி எரிந்து விழுந்தே காலம் தள்ளிய லூர்துராஜ் என்கிற நான், ஒரு மலைப்பெண்ணின் கேள்வியைப் பற்றி எழுத உட்கார்ந்ததைப் பார்த்து என் மனைவிக்கே சிரிப்பு.

அவள் பெயர் பாப்பாத்தி. கல்வராயன் மலையில் சேம்பரைக்காடு அவள் ஊர். என் ஆபீஸ் அடிவாரத்தில் இருந்தது. அந்த ஊரின் பெயர் வேண்டாம், கச்சிராயபாளையத்துக்குப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நானே போஸ்ட்மாஸ்டர், நானே குமாஸ்தா. மலைக்குப் போகும் தபால் பையை வேடியப்பன் என்கிற ரன்னர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய், சேம்பரைக்காட்டில் வீடு வீடாகக் கொடுப்பார்.

பாப்பாத்தி பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். லீவு முடிந்தால் வேடியப்பனோடு இறங்கி வந்து, கள்ளக்குறிச்சி பஸ் வரும்வரை என் ஆபீசில் நிற்பாள். சும்மா நிற்க மாட்டாள்.

"சார், முத்திரைல இருக்கற தேதிய யாரு மாத்தறாங்க?"

"நான்தான்."

"தெனமுமா?"

"தெனமும்."

"ஒரு நாளு மறந்துட்டா, அன்னிக்கு வந்த கடுதாசி நேத்தே வந்ததா ஆயிடுமா சார்?"

"பஸ் வந்துடுச்சி பாரு, போ" என்றேன். பஸ் வரவில்லை. அவள் வெளியே போய் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பஸ் ஏன் சார் இன்னும் வரவில்லை என்று கேட்டாள்.

பத்தாவது பாஸ் பண்ணினாள். நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டாள். அவளுடைய அக்காவைப் பிரசவத்துக்காக டோலி கட்டி இறக்கும்போது பாதி மலையிலேயே உயிர் போய்விட்டது. அதிலிருந்து அவளுக்கு வேறு எந்த வேலையும் நினைப்பில் இல்லை. இரண்டு வருஷம் கூப்பிடவில்லை. மூன்றாவது வருஷம் கூப்பிட்டார்கள். அது எண்பத்தேழு செப்டம்பர்.

அந்த மாதம் எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே கிடையாது. இட ஒதுக்கீடு கேட்டுப் பதினேழாம் தேதி வியாழக்கிழமை தொடங்கி ஒரு வாரம் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் தெருப் பையன்களும் போயிருந்தார்கள். அங்கங்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும், யார் யார் என்று தெரியாமல் தாய்மார்கள் ரேடியோவைச் சுற்றி நிற்பார்கள்.

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்த அன்று பாப்பாத்தி வந்தாள். தலை கலைந்து, கால் வீங்கியிருந்தாள். கையில் பழுப்புக் கவர்.

"புதன்கெழம காலைல கடுதாசி கைக்கு வந்தது சார். அன்னிக்கே கடலூர்ல இண்டர்வியூ. ஓடினேன், போய்ச் சேரவே பொழுது சாஞ்சிடிச்சி. முடிஞ்சிடுச்சின்னுட்டாங்க. மறுநாளு பஸ் இல்ல. ஒரு வாரமும் ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் இருந்தேன்."

"மறியல்மா. யார் என்ன பண்றது?" என்றேன்.

அவள் கவரைக் கவுண்டரில் வைத்துப் பின்பக்கம் திருப்பினாள். ஒரு வாரம் அந்தக் கவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "இது உங்க முத்திரை தானே சார்? வெள்ளிக்கெழம, பதினொண்ணாந் தேதி வந்துக்குது. மறியலு அடுத்த வியாழக்கெழமதானே ஆரம்பிச்சாங்க? நடுவுல அஞ்சி நாளு இது எங்க இருந்தது?"

என் அலமாரியில் இருந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். மலைத்தபால் தினமும் போவதாக ரிக்கார்டு. எவரோ வரைபடத்தில் அளந்து சேம்பரைக்காடு ஐந்து மைல் என்று எழுதிவிட்டார். ஏறி நடந்தால் பதினொன்று. ஒரு ஆள் தினமும் ஏறி இறங்க முடியாது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேடியப்பன் பை எடுப்பார், நான் எல்லா நாளும் பை போனதாக எழுதிவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். அந்த வெள்ளிக்கிழமை பை காலையில் போய்விட்டது, அவள் கவர் மத்தியானம் வந்தது. அடுத்த பை செவ்வாய்க்கிழமை. அன்று வேடியப்பன் சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்து மறுநாள் காலையில் கொடுத்திருக்கிறார்.

குற்றம் உள்ளவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும். எனக்கு வந்தது. "என்னைக் கேட்டா எப்படி? போய் பார்லிமெண்டுல கேளு" என்றேன்.

எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். கேட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவள் போகவில்லை.

"அங்க எப்படி சார் கேக்கறது?"

கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். சனியன் விட்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். நாம் நேராகக் கேட்க முடியாது, எம்.பி. கேட்பார், மந்திரி பதில் சொல்லியாக வேண்டும், எம்.பி.க்கு ஒரு கார்டு போடு.

"பதில் சொல்லியே ஆவணுமா சார்? மந்திரியேவா?"

"ஆமாம்மா."

அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பதினைந்து பைசாவை எடுத்து வைத்தாள். கார்டு கொடுத்தேன், அட்ரஸும் நானே சொன்னேன். கயிற்றில் கட்டிய பேனாவை இழுத்துப் பிடித்து நின்றபடியே எழுதினாள். கார்டைப் படிக்கக் கூடாது என்பது தபால்காரனுக்கு மரியாதை. படித்தேன். "எங்க மலைக்கு தபால் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருது. நர்ஸ் படிப்புக்கு வந்த லெட்டர் வெள்ளிக்கிழமை அடிவாரத்துக்கு வந்து புதன்கிழமை என் கைக்கு வந்தது. இண்டர்வியூ அன்றைக்கே. இது ஏன் என்று மந்திரியை கேட்டு சொல்லவும்." இவ்வளவுதான். எம்.பி.க்கு ஆயிரம் கார்டு வரும், இதுவும் குப்பைக்குப் போகும் என்று நினைத்து நானே முத்திரை குத்தி அனுப்பினேன்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை சிவப்பு மையில் 'பார்லிமெண்ட் கேள்வி, மிக மிக அவசரம்' என்று எழுதிய உறை ஒன்று எனக்கு வந்தது. பிரித்தேன்.

"(அ) கல்வராயன் மலையில் சில கிராமங்களுக்கு வாரம் இரண்டு நாள் மட்டுமே தபால் செல்கிறது என்பது உண்மையா; (ஆ) ஆமெனில், மலைவாழ் மக்கள் அதனால் வேலைக்கும் பயிற்சிக்குமான நேர்காணல்களைத் தவறவிடுவதை அரசு அறியுமா; (இ) அறியுமெனில், எடுத்த நடவடிக்கை என்ன?"

எனக்குப் பயம் வந்தது. அதோடு, பொய் சொல்வானேன், ஒரு வியப்பும் வந்தது. என் கவுண்டரில் நின்று கிறுக்கிய நாலு வரி டெல்லி வரை போய், கோட் சூட் மாட்டிக்கொண்டு, மெட்ராஸ் வழியாக இறங்கி, மறுபடி என் மேஜைக்கே பதில் கேட்டு வந்திருக்கிறது. மந்திரி சொல்லப்போகும் பதிலை எழுத வேண்டியவன் நான். இந்தத் தேசம் இப்படித்தான் நடக்கிறதா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிறிது நேரத்தில் மேலதிகாரியிடமிருந்து போன். "இல்லைன்னு போடுங்க லூர்துராஜ். ரிக்கார்டுல தினமும்தானே இருக்கு? செப்டம்பர்ல மறியலால தாமதம்னு ஒரு வரி. ரன்னர் கையெழுத்தையும் வாங்கி நாளைக்குப் பகல் தபால்ல அனுப்பிடுங்க."

இப்படிப் பதில் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. (அ)வுக்கு இல்லை என்று போட்டுவிட்டால் மற்ற இரண்டுக்கும் மூளையைக் கசக்க வேண்டாம். எழுதினேன். "(அ) இல்லை. (ஆ), (இ) கேள்வி எழவில்லை."

வெள்ளிக்கிழமை காலை வேடியப்பன் பை எடுக்க வந்தார். கூடவே பாப்பாத்தி. அடுத்த பயிற்சிக்கான விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட வந்திருந்தாள். வயது வரம்புக்கு அதுதான் கடைசி. அவளை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். நேரம் இல்லை. தினமும் பை எடுத்துப் போகிறேன் என்ற வாக்குமூலத்தை வேடியப்பனிடம் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டேன்.

அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். "தெனமும் போறன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கி தெனமும் போவச் சொல்வாங்களே சார்."

"போகலன்னு எழுதினா ரெண்டு பேருக்கும் வேலை போகும், பரவாயில்லையா?"

"பயமாத்தான் கீது. ஆனா ரெண்டு நாளு போறது நெசம் சார். பதினோரு மைலும் நெசம். அத்த எழுதுனா தப்பா?"

அதற்குள் பாப்பாத்தி மேஜையிலிருந்த என் பதிலைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி அந்தத் தாளையே பார்த்தாள்.

"கேள்வி எழவில்லைன்னு போட்டுக்கீங்களே சார். நான் கேட்டனே."

தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீங்கதானே சார் கார்டு குடுத்தீங்க? அட்ரஸும் சொன்னீங்க."

வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன் பட்டதில்லை. ரோட்டில் ஒரு ஊரே இட ஒதுக்கீட்டுக்கு உயிரைக் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மலைவாழ் மக்களுக்கு ஏற்கெனவே ஒதுக்கிய ஒரு இடத்தை நான் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். இப்போது இல்லை என்று எழுதினால் அவளுடைய கடைசிக் கடுதாசியும் அதே அலமாரியில்தான் கிடக்கும்.

தாளைக் கிழித்தேன். வேறு தாளில் எழுதினேன். "(அ) ஆம். செவ்வாய், வெள்ளி. (ஆ) ஒருவர் தவறவிட்டதை நான் அறிவேன். (இ) தூரம் பதினொரு மைல். இன்னொரு ரன்னர் தேவை." வேடியப்பன் அதற்குக் கீழே எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பதில் பகல் தபாலில் போயிற்று.

தினமும் பை போனதாகப் பொய்க் குறிப்பு எழுதியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. வேடியப்பனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். டிசம்பரில் எம்.பி.யிடமிருந்து பாப்பாத்திக்கு மந்திரியின் பதில் வந்தது. ஓடி வந்து காட்டினாள். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது. அவையின் முன் வைக்கப்படும்." நான் எழுதியதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

"திரட்டி முடிச்சதும் சொல்லுவாங்களா சார்?"

"சொல்லுவாங்க" என்றேன். எனக்கென்ன தெரியும்?

ஜனவரியில் கடலூரிலிருந்து பழுப்புக் கவர் வந்தது. மறுபடியும் வெள்ளிக்கிழமை, மறுபடியும் மத்தியானம். வேடியப்பன் காலையிலேயே பையோடு ஏறியிருந்தார், திங்கட்கிழமைதான் இறங்குவார். உள்ளே இருப்பதைப் படிக்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் போன தடவை மாதிரியே ஐந்து நாள் கெடு வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை ஆபீசைவிட்டு நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல், விடியும்போதே கவரைப் பையில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். ஐந்து மைலாம், அளந்தவன் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். நாலு இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டு காலும் கொப்புளம். இந்தப் பாதையில் வேடியப்பன் ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

சேம்பரைக்காட்டில் அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். கவரை நீட்டினேன். முதலில் முத்திரையைத்தான் பார்த்தாள், அப்புறம்தான் பிரித்தாள். செவ்வாய்க்கிழமை இண்டர்வியூ. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து எதிரில் உட்கார்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு நீங்க கொண்டாந்தீங்க சார். மத்தவங்களுக்கு யாரு கொண்டாருவாங்க?"

தகவல் திரட்டப்பட்டு வருகிறது என்று சொல்லலாம் போலிருந்தது. சொல்லவில்லை. தெரியலம்மா என்றேன்.

"ஒரு கார்டு இருந்தா குடுங்க சார்."

பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். என் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் கேட்டு வாங்கி, முறத்தைத் திருப்பிப் போட்டு அதன் மேல் வைத்து எழுதினாள். அட்ரஸ் நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. அந்தக் கார்டை நான்தான் கீழே கொண்டுவந்து, தேதியைத் திங்கட்கிழமைக்கு மாற்றி, முத்திரை குத்தினேன். செவ்வாய்க்கிழமை கடலூரில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது அவள் அங்கே இருந்தாள்.