மிஞ்சிய ஒருத்தி

எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கணித ஆசிரியை. போன வருடம் விளையாட்டுப் போட்டிக்கு ட்ரில் பழக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஐம்பத்து மூன்று பிள்ளைகள். எத்தனை வரிசையாகப் பிரித்தாலும் யாராவது மிஞ்சினார்கள்.

“ஐம்பத்து மூன்று முதன்மை எண். ஒன்றையும் அதையும் தவிர வேறு காரணி கிடையாது” என்று பாடமாகவே சொன்னேன். ஒருவரைக் குறைத்தால் நாலு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று பேர். காலில் வெள்ளைச் சப்பாத்து இல்லாத சுகந்தியை உட்காரச் சொன்னேன்.

மறுநாள் றப்பர் பால் வெட்டிய கையோடு அவளுடைய அம்மா வந்தார்.

“எங்க புள்ளய மட்டும் ஏன் டீச்சர் ஒதுக்குனீங்க?”

எண்ணைக் காட்டி விளக்கினேன். சப்பாத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப ஒரு புள்ளய முன்னுக்குக் கொடி புடிச்சிட்டுப் போக விட்டிருக்கலாமே டீச்சர்?”

அன்றே சுகந்தியிடம் கொடியை நீட்டினேன்.

“வேணாங்க டீச்சர்” என்றாள். போட்டியன்று அவள் வரவேயில்லை.

இப்போதும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். எந்த எண்ணைக் கொடுத்தாலும் காரணிகளைப் பிழையில்லாமல் எழுதுகிறாள். கொப்பியை நீட்டும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நானும் சரி போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை.