வீட்டு ஆள் வரவும்

பிள்ளை பெற்ற பிறகு சில வாரங்கள் நான் பாதிக் கட்டிலில் குடியிருந்தேன். மீதிப் பாதி, கேனிங் ரயில் ஸ்டேஷனுக்கும் அப்பால் படகேறிப் போக வேண்டிய ஒரு தீவிலிருந்து வந்த பெண்ணுக்கு. என் தலைமாட்டில் அவள் கால், அவள் தலைமாட்டில் என் கால். இரண்டு பேருக்கும் வயிற்றில் தையல். ஒருத்தி புரண்டால் மற்றவள் முனகுவாள். வந்து இரண்டு வருடம் ஆகியும் கொல்கத்தாவில் எனக்குச் சிநேகிதி என்று யாரும் இல்லை. முதலில் கிடைத்தவள் இவள்தான்.

அது நாங்கள் தேர்ந்தெடுத்துப் போன ஆஸ்பத்திரி அல்ல. எனக்கு செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை, என் கணவருக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் வேலை. விருதுநகரிலிருந்து வந்து பவானிபூரில் வாடகைக்கு இருக்கிறோம். இன்ஷூரன்ஸ், ஏ.சி. அறை, நர்ஸிங் ஹோம் எல்லாம் முன்பே பேசி வைத்தாயிற்று. எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே ரத்தப்போக்கு வந்தது. குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதியில்லை என்று நர்ஸிங் ஹோம் கையை விரித்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் அருகிலிருந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினார். அங்கே என் பையனைக் காப்பாற்றினார்கள். இப்போதைக்கு வேறு எங்கும் கொண்டுபோக வேண்டாம் என்றும் சொன்னார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதெல்லாம் குறைதான்.

குறைமாதக் குழந்தைகள் மாடியில் தனிப் பிரிவில் இருந்தார்கள். தாய்மார்கள் மட்டும் கையைக் கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். ஆண்களுக்கு அனுமதி கிடையாது. அவர்கள் கீழே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மைக்கில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ‘பாரிர் லோக்’ என்பார்கள். அவளுடைய வீட்டு ஆள் வரவும் என்று அர்த்தம். ரத்த பாட்டில் வாங்கிவர, சோதனைக்கு ரத்தம் கொண்டுபோக, இல்லாத மருந்தை வெளியே தேட, எல்லாவற்றுக்கும் வீட்டு ஆள்தான் ஓட வேண்டும். வைத்தியம் இலவசம், ஓடுகிற கால் மட்டும் நம்முடையது. ஓட ஆள் இல்லாதவளுக்கு அந்த இலவசம் நொண்டி நொண்டித்தான் வந்து சேரும்.

என் கட்டில்காரிக்கு ஆள் இல்லை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மாமியார் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு நாள் மைக்கில் இவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். இவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே என் கணவரைக் கூப்பிட்டேன்.

“ஏங்க, நீங்க போங்க.”

“போயி யாருன்னு சொல்ல?”

“அண்ணன்னு சொல்லுங்க. கூடப் பிறந்தாத்தான் அண்ணனா?”

போனார். காய்கறிக்குப் பேரம் பேசவே பத்தாத வங்க மொழியை வைத்துக்கொண்டு அண்ணன் ஆகிவிட்டார். அவருடைய போன் நம்பரையே அவளுக்கும் எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு இரண்டு பெயருக்கும் அவரே எழுந்து ஓடினார். “ரெண்டு சம்சாரமா உனக்கு?” என்று வாட்ச்மேன் கேட்டானாம். அதை என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

நான் தமிழ் என்று தெரிந்ததும் அவள் உடனே போனை எடுத்தாள். “எங்க வீட்டுக்காரர் உங்க பாஷை பேசுவார் தீதி.” தீதி என்றால் அக்கா. அந்தப் பக்கத்திலிருந்து, “ஏனுங்கக்கா, நல்லாருக்கீங்ளா? சாப்டாச்சுங்ளா?” என்று கேட்டது. ஏழு தலைமுறையாகக் காங்கேயத்தில் இருந்தவன் மாதிரி அப்படி ஒரு மரியாதை. “தம்பி, நீங்க பெங்காலியா பெருந்துறையா?” என்றேன். சிரித்தான். பிறகு, “லீவு கேட்டிருக்கறனுங்க. ஆர்டர் முடிஞ்சாத்தான் உடுவாங்க. அதுவரைக்கும் பாப்பாவப் பாத்துக்குங்கக்கா” என்றான்.

அவளுக்குப் பெண் குழந்தை, என் பையனைவிடச் சிறியது. உறிஞ்சத் தெம்பில்லை. இவள் கிண்ணத்தில் பீய்ச்சித் தரும் பாலைக் குழாய் வழியாக விடுவார்கள். “மருந்து நாங்க குடுக்கறது பாதி, உன் பாலு பாதி. ஒரு வேளையும் தப்பக் கூடாது” என்று மூத்த சிஸ்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளும் தப்பவிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறுவாள். குழந்தையைக் காப்பாற்ற அவளால் முடிந்தது அது ஒன்றுதான், அந்த மாடிக்குப் பக்கத்திலேயே இருப்பது.

அப்போதுதான் தரம் பார்க்கும் குழு வரப்போகிறது என்றார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், திரைச்சீலை தொங்கவிட்டார்கள். வாசலில் ஒரு பலகை முளைத்தது: ஒரு தாய்க்கு ஒரு படுக்கை. நல்ல வாசகம். ஆனால் தாய்மார்கள் அதிகம், கட்டில் குறைவு. கட்டிலைக் கூட்ட முடியாதென்றால் தாயைக் குறைத்துவிடலாம் அல்லவா? குழு வருவதற்கு முந்தின நாள், தையல் ஆறியவர்களை எல்லாம் டிஸ்சார்ஜ் செய்தார்கள். என் தையலில் சீழ் வைத்திருந்தது, அதனால் நான் தப்பித்தேன். அவள் உடம்பு தேறியிருந்ததுதான் தப்பு. “குழந்தை இங்கேயே இருக்கட்டும், நீ வந்து வந்து பால் குடு” என்றார்கள். படகும் ரயிலும் ஏறி வந்து வந்து.

எங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். ஆம்பிளை இருக்கும் அந்நியர் வீட்டில் மருமகள் தங்கக் கூடாது என்று மாமியார் போனிலேயே மறுத்துவிட்டாள். கொட்டகையிலோ முழுக்க ஆண்கள். கடைசியாக ஒருமுறை மாடிக்குப் போய்ப் பாலைக் கொடுத்துவிட்டு, சியால்தாவில் ரயிலேறப் போய்விட்டாள். நான் முழுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன். அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

மறுநாள் குழு வந்தது. வயதான ஒரு டாக்டரம்மா என் கட்டிலருகே நின்று, படுக்கை வசதியாக இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டார். இங்கிலீஷ் தெரிந்தவள் நல்லபடியாகச் சொல்வாள் என்றுதான் என்னிடம் கூட்டி வந்திருந்தார்கள்.

“நேத்துவரைக்கும் ரெண்டு பேர் படுத்திருந்தோம். நீங்க வர்றீங்கன்னு அவளை அனுப்பிட்டாங்க. அவ பிள்ளை மட்டும் மாடியில கிடக்கு” என்றேன்.

அந்த அம்மா எதுவும் எழுதவில்லை. கையிலிருந்த ஃபைலை மூடிக்கொண்டு நேரே மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவள் பெயர் கேட்டது. என் கணவர் ஓடினார். தாயைத் திரும்ப வரச் சொல்லுங்கள், படுக்கை தருகிறோம் என்றார்கள். நான் திருப்பூருக்குப் பேசினேன், அவன் தன் அம்மாவிடம் பேசினான். காலையில் முதல் படகில் கிளம்பி வந்துவிடுவாள் என்றான். பக்கத்துக் கட்டிலைக் காலி செய்து, சிஸ்டரே புது விரிப்பு போட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

விடிந்ததும் மைக்கில் மறுபடியும் அவள் பெயர் வந்தது. என் கணவர் போனார். குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது என்றார்கள். நுரையீரல் தாங்கவில்லையாம். ஒரு நாள் பால் இல்லாமல் போனதாலா என்று பிறகு மூத்த சிஸ்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடைசி நாளில் அவள் அந்தப் படிகளை ஏறியிருக்க வேண்டியவள். அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

என் கணவர் அவளுக்கு அண்ணன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதனால் வெள்ளைத் துணியில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். எங்கள் பையனை அதுவரை அவர் தொட்டதில்லை, நான் போனில் எடுத்துக் காட்டிய படத்தில் பார்த்ததோடு சரி. அவர் கையில் வந்த முதல் குழந்தை அதுதான்.

நான் திருப்பூருக்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அவன் வெளியே வந்து கேட்டான். அழவில்லை. “அவகிட்டப் போன்ல சொல்லிப்போடாதீங்கக்கா. ரயில்ல தனியா வந்துட்டிருக்கறா. வந்ததுக்கப்புறம் சொல்லுங்க” என்றான். சரி என்றேன்.

பிறகு அங்கே மாடிக்குப் பக்கத்திலேயே தாய்மார்கள் தங்க ஓர் அறை திறந்தார்கள். பையனைச் செக்கப்புக்குக் கொண்டுபோனபோது பார்த்தேன். பாய், தலையணை, ஓடுகிற ஃபேன், பூட்டுகிற கதவு எல்லாம் இருந்தன. நல்ல அறை. வாயாரப் பாராட்டியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று கொட்டகையில் நடந்ததை என் கணவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். பையனுக்கு முதல் தடவையாகச் சோறு ஊட்டிய நாள், கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“பெஞ்சுல பிள்ளையோட உக்காந்திருந்தேன். கேட் கிட்ட வரும்போதே என்னையப் பாத்துட்டா. கையில பிள்ளை இருக்கறதையும் பாத்துட்டா. டிஸ்சார்ஜ் பண்ணிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தா.”