கோமதி அக்காவின் தலையில் புற்று மண்

கோமதி அக்காவுக்கு ஆறு வருடமாக வலிப்பு. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே வகுப்பில் விழுந்ததால் படிப்பை நிறுத்திவிட்டோம். மாத்திரைக்கு அடங்கவில்லை, எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றும் தெரியவில்லை. வலிப்பு மூளையின் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியுமாம். அந்த இடத்தைத் தேடித்தான் என் காலாண்டு விடுமுறையில் அம்மா, அக்கா, நான் மூவரும் பெங்களூருவில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

சங்கரன்கோவிலில் மாலை ஆறரைக்கு ஆம்னி பஸ். சுமார் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். சோதனைக்கு முந்தின இரவு குறைவாகத் தூங்கி வரும்படி மருத்துவமனையில் சொல்லியிருந்ததால் அக்காவோடு பேசிக்கொண்டே வருவது என் வேலை. (பாதி வேலையைச் சாலைப் பள்ளங்களே பார்த்துக்கொண்டன.)

சோதனைக்கு வைத்திருந்த எம்.இ.ஜி. என்ற கருவியில் ஊசி இல்லை, வலி இல்லை. பெரிய தலைக்கவசம் போன்ற கிண்ணத்துக்குள் தலையை வைத்துப் படுத்தால், மூளையில் மின்சாரம் ஓடும்போது உண்டாகும் மிக மெல்லிய காந்தப்புலத்தைப் பிடித்துவிடும். அதனால் உடம்பில் இரும்புத் துணுக்குகூட இருக்கக் கூடாது. நகை, ஊக்கு எல்லாம் கழற்றினோம். ஆனாலும் திரையில் கோடுகள் தாறுமாறாகக் குதித்தன.

“தலையில ஏதாவது வெச்சீங்களாம்மா?” என்று கேட்டார் கருவியை இயக்கிய ஓசூர்ப் பெண்.

அம்மா அக்காவின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். “கோயில் புத்து மண்ணு, தாயி. பஸ் ஏறும்போது உச்சியில வச்சித் தேச்சேன். தப்பாயிட்டா?”

“மண்ணுல இரும்பு இருக்கும்மா. கழுவிட்டா சரியாயிடும்.”

வெளியே வந்த அக்கா, “நல்லவேள ஏட்டி, புத்துக்குள்ள கெடந்த பாம்பையும் அம்மா கூட்டிட்டு வரல” என்றாள் என்னிடம். அம்மா சிரிக்கவில்லை. அந்த மண்ணை நாங்கள் மிதிபடும் இடத்தில் போடமாட்டோம். சாக்கடையில் விட மனமில்லாமல், அலசிய முதல் தண்ணீரை வாளியில் பிடித்து, வாசலில் நின்ற புங்க மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள். அப்புறம்தான் ஷாம்பு.

இரண்டாம் முறை கோடுகள் ஒழுங்காக ஓடின. நடுநடுவே கூரிய முனைகள். வலிப்பு வராத நேரத்திலும் மூளை விடும் பொறிகள் அவை.

நான்காம் நாள் டாக்டர் படத்தைக் காட்டினார். அந்தப் பொறிகள் கிளம்பிய இடங்களைக் காட்டும் புள்ளிகள் ஒரே இடத்தில் எறும்புபோல் மொய்த்திருந்தன. இன்னும் சில சோதனைகள் வேண்டும், ஆனால் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது என்றார்.

“எந்த எடம்னு தொட்டுக் காட்டுங்க டாக்டர்” என்றாள் அம்மா. அவர் அக்காவின் வலது காதுக்குச் சற்று மேலே விரல் வைத்தார். எங்கே என்று தெரியாததுதான் ஆறு வருடமாக எங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது என்று அப்போது புரிந்தது.

இந்தச் சோதனைக்குப் போகிறவர்களுக்கு: தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், எண்ணெய், மை, பொட்டு வேண்டாம். ஊக்கு, கொக்கி இல்லாத உடை நல்லது. பழைய ஸ்கேன் படங்களை மறக்காதீர்கள். கோயில் மண்ணை ஊர் திரும்பிய பிறகு பூசிக்கொள்ளலாம். அம்மா அப்படித்தான் செய்தாள். பஸ்ஸை விட்டிறங்கி நேரே கோயிலுக்குப் போனாள். மண்ணைக் குழைத்து, உச்சியை விட்டுவிட்டு, அக்காவின் வலது காதுக்கு மேலே முடியை விலக்கிப் பூசினாள்.