சம்பந்தி மரியாதை

அப்பாவின் இடது கால் போனதற்குச் சிகரெட்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் மரியாதையைத்தான் சொல்வேன்.

அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாலு எட்டு நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். வயசு என்று விட்டுவிட்டோம். பெருவிரல் கறுத்த பிறகுதான் கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கால் ரத்தக்குழாய் வெகுநாளாக அடைத்துக் கிடக்கிறது, திறக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கத்தி வைக்காமல் திறக்க ஒரு வழி இருந்தது. தொடை இடுக்கில் துளையிட்டு, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, அடைத்த இடத்தில் குட்டி பலூனை ஊதுவார்கள்.

ஊதினார்கள். திறந்துகொண்டது. வார்டுக்கு வந்ததும் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். மாதக்கணக்கில் ஐஸாகக் கிடந்த பாதம் கதகதவென்றிருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

துளையிட்ட இடத்தில் சின்ன மணல் மூட்டையை வைத்துவிட்டு, தமிழ் நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார்: "அங்கிள், சாயங்காலம் வரைக்கும் மல்லாக்கப் படுத்தே இருக்கணும். காலை மடக்கினா ரத்தம் பீச்சிக்கும்லா." அப்பா நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தார். சோறுகூட நான்தான் ஊட்டினேன்.

பார்வையாளர் நேரத்தில் என் மாமனார் வந்தார். பிரிக்பீல்ட்ஸ்காரர், ரயில்வே ஆபீஸில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஆரஞ்சுப் பை. நேராகக் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்.

பெண் எடுத்த சம்பந்திக்கு நேரே காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பதா? "வாங்க சம்பந்தி, வாங்க" என்று அப்பா மணல் மூட்டையைத் தள்ளிவிட்டு, காலை மடக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பா, படுங்க!" என்று கத்தினேன்.

படுத்துக்கொள்ளுங்கள் என்று மாமனார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா முழுசாக உட்கார்ந்து கும்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்த்தார். அப்புறம் "பரவால்ல, பரவால்ல" என்றார். என்ன பரவால்ல?

விரிப்பு சிவந்தது. நர்ஸ் ஓடிவந்தார். டாக்டர் வந்து தன் பலமெல்லாம் சேர்த்து அமுக்கினார். ரத்தம் நின்றது, ஆனால் அப்படி அமுக்கியதில் திறந்த குழாயும் அடைத்துக்கொண்டது. மறுபடி முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறிவந்தபோது அப்பாவிடம் சண்டைக்கே போனேன். "நோயாளி எந்திரிச்சு மரியாதை செய்யணும்னு எந்த ஊர்ல சட்டம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ அந்த வீட்ல வாழ வேணாமா?" என்றார்.

அந்த வீட்டில்தான் வாழ்ந்தேன். மாமனார் ஹாலுக்குள் வந்தால் மருமகள்கள் எழுந்து நிற்பது அங்கே பழக்கம். அவர் சாகும்வரை நான் எழுந்ததில்லை.