ரெஜினா சிஸ்டரின் இடது கை

ரெஜினா சிஸ்டர் இறந்துபோனதை நான் பள்ளிக்கூடப் பேருந்தின் ஜன்னல் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். ரேஷன் கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். முகம் சிஸ்டரைப் போல இருந்தது. ஆனால் பட்டுப்புடவையும் நகையுமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை என்பதால் வேறு யாரோ என்று நினைத்தேன். பேருந்து நகர்வதற்குள் பெயரைப் படித்துவிட்டேன். பெயருக்குக் கீழே இன்னாருடைய மனைவி என்று இருந்தது. இத்தனை வருடம் எங்கள் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் என்று ஒரு வார்த்தை இல்லை. வயதை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். யாருடைய எண்ணையும் யாருக்கும் காட்டாதவர் அவர். அவருடைய எண்ணைத் தெருவே படித்துக்கொண்டிருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம் என்று சிஸ்டரின் கணவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதனால் இதை எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். அம்மா தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. அவர் புரண்டு படுத்தால் நோட்டை மூடிவிடுகிறேன். படிக்கும்போது நான் யார் மகள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் அம்மாவிடம் கேட்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் சுகாதார நிலையக் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள். எடை பார்க்கும் மெஷின் பெஞ்சுகளுக்கு நேர் எதிரே நிற்கிறது. அதில் வரும் சிவப்பு எண் கடைசி பெஞ்ச் வரை தெரியும். ஒவ்வொருவரும் ஏறும்போது சிஸ்டர் தன் இடது கையை அந்த எண்ணின் மேல் வைத்து மறைப்பார். விரல் இடுக்கில் தான் மட்டும் பார்த்து, வலது கையால் கார்டில் எழுதி, கார்டை மூடிக் கொடுப்பார். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் அப்படியேதான் செய்வார். குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் மறைத்தால், மறைத்ததே காட்டிக்கொடுத்துவிடும். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது. நீங்கள் அதையும் கிண்டல் செய்தீர்கள். "மதாம் பேங்க் லாக்கரைத் திறக்கறாங்க, எல்லாம் கண்ண மூடிக்குங்க" என்று ஒருவர் சொல்ல, பெஞ்ச் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். அப்பா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போகிறார். நான் பிறக்கும்போதே பெரிய குழந்தையாம். பிறந்ததும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போய் என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எனக்குப் பின் ஒரு தம்பி பிறந்தான். பிறக்கும்போது அவன் என்னைவிடவும் பெரிய குழந்தை. தலை வெளியே வந்து தோள் மாட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் வரைதான் இருந்தான். அதற்கு முந்தைய வாரம்கூட அம்மாவின் வயிற்றைப் பார்த்து, பிள்ளை நல்ல கொழுகொழுவென்று வளர்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அம்மாவின் உடம்பையும் சர்க்கரையையும் அப்போது யாரும் கவனிக்கவில்லை. இப்போது அம்மாவுக்கு ஏழு மாதம் முடியப்போகிறது.

இந்த முறை முதல் செவ்வாய்க்கிழமையே அம்மா சிஸ்டரிடம், நாளையிலிருந்து ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடுகிறேன் என்று சொன்னார். சிஸ்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். "பட்டினி கெடக்கச் சொன்னேனா நானு? எடையக் குறைக்கிற நேரம் இது இல்ல. மேல ஏறாம பாத்துக்கற நேரம்" என்றார். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரையும் காயும் வைக்கச் சொன்னார். மீனைப் பொரிக்காமல் குழம்பில் போடச் சொன்னார். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னார். அம்மா தெருவில் நடக்க வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

ஒரு நாள் சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனை. அம்மா காலையில் ஒரு வெள்ளரிக்காயை மட்டும் தின்றுவிட்டு, நாலு இட்லி சாப்பிட்டதாகச் சொல்ல வேண்டும் என்று என்னைத் தயார் செய்து கூட்டிப்போனார். நானும் சொன்னேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். "தொட்டுக்க என்னா?" என்று கேட்டார். நான் தேங்காய்ச் சட்னி என்றேன். அதே நேரத்தில் அம்மா தக்காளிச் சட்னி என்றார். சிஸ்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இது பரீட்சை இல்லம்மா, காப்பியடிச்சி பாஸ் பண்றதுக்கு. நீ பாஸானா உள்ள இருக்கற பிள்ளை ஃபெயிலாயிடும்." மறுநாள் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. டாக்டர் இன்சுலின் எழுதினார். அதை எப்படிப் போட்டுக்கொள்வது என்று சிஸ்டர் அம்மாவுக்குப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார்.

அன்றுதான் அவர் என் கழுத்தையும் பார்த்தார். என் கழுத்தின் பின்பக்கம் கறுப்பாக, தடிப்பாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் என் பின்னால் உட்காருகிறவள் அதற்கு வைத்த பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எங்களோடு இருக்கும் அத்தை எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொன்னார். நான் பீர்க்கங்காய் நாரில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தேன். சிஸ்டர் காலரை விலக்கிப் பார்த்து, "தேய்க்காத கண்ணு. அது அழுக்கு இல்ல" என்றார். உடம்பில் சர்க்கரை சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது என்றும், வயிற்றில் இருக்கும்போதே அதிகச் சர்க்கரைக்குப் பழகிய சில பிள்ளைகளுக்குப் பிறகு இப்படி வரலாம் என்றும் சொன்னார். அம்மா கழிப்பறைக்குப் போனபோது நான் கேட்டேன், அப்படியென்றால் நான் இப்படி இருப்பதற்கு அம்மாதான் காரணமா என்று. "அம்மா இல்ல. அம்மாவுக்கு அப்ப யாரும் சொல்லல, அதான்" என்றார். எனக்கும் ரத்தம் பார்க்க ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு என் ஜியாமெட்ரி பாக்ஸில் அப்படியே கிடக்கிறது. எனக்குப் பயம்.

ஒரு முறை சிஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அத்தை குசினியிலிருந்து அம்மாவுக்கு இரண்டாவது தட்டு சோறு போட்டுக்கொண்டு வந்த நேரம். இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டாமா என்று அத்தை கேட்டார். "உள்ள இருக்கறது என் கை அளவுதாங்க. அதுக்கு எதுக்குத் தனியா ஒரு தட்டு?" என்றார் சிஸ்டர். அத்தை சும்மா விடவில்லை. "நீங்க மட்டும் என்னா, ஈர்க்குச்சி மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டார். சிஸ்டர் அத்தையையே பார்த்தார். "இல்லைங்க. அதனாலதான் எனக்குத் தெரியுது" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவிடம், தன் மகன் வயிற்றில் இருந்தபோது தன் எடையைப் பெஞ்சே படித்தது என்றும், அதற்குப் பிறகு தான் பரிசோதனைக்கே போகவில்லை என்றும் சொன்னார். பிறகு என்ன ஆனது என்று சொல்லவில்லை.

அந்த மகன் பிரான்சிலிருந்து வந்து சேரும்வரை அடக்கத்துக்குக் காத்திருந்தார்கள். நான் டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு மாதா கோயிலுக்குப் போனேன். பெஞ்சில் இருந்த உங்களில் இரண்டு பேரைத்தான் பார்த்தேன். சிஸ்டர் காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லையாம், மாரடைப்பாம். அந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஊருக்கெல்லாம் சொன்னாங்க. தன் உடம்பப் பாத்துக்கல பாரு." மனதில் இருந்ததை அவர் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு வருவதற்குக்கூட நேரம் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா போனார். புதிய சிஸ்டருக்கு உதவிக்கு இன்னொரு நர்ஸ் இல்லை. எடை பார்க்கவும் அவர்தான், ஊசி போடவும் அவர்தான். அதனால் மெஷின் பக்கத்திலிருந்தே எண்ணைச் சத்தமாகச் சொன்னார், மேசையில் பதிவு எழுதும் பெண் எழுதிக்கொள்வதற்காக. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மாவின் எண் கூடம் முழுவதும் கேட்டது. "ரெண்டு அரிசி மூட்டைய இறக்கி வச்ச மாதிரி இருக்கு" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் சொன்னார். சொன்னவர் இதைப் படித்தால் அவருக்குத் தெரியும். அம்மா மெஷினை விட்டு இறங்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். மருந்துகூட வாங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. இன்சுலின் தீர்ந்து நான்கு நாளாகிறது. அந்த ஊசியே பிள்ளைக்கு ஆகாது என்று அத்தை சொல்கிறார், அம்மா தலையாட்டுகிறார். அவருடைய கால் வீங்கியிருக்கிறது. தம்பியை அப்பா ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னால் அம்மா அழுவார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சிஸ்டரிடம் சொல்லியிருப்பேன். அவர் இல்லை.

நாளை செவ்வாய்க்கிழமை. இன்று சாயங்காலம் அம்மாவிடம், நாளைக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை, உன்னோடு வருகிறேன், மெஷினை நான் மறைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், நானே கார்டில் எழுதித் தருகிறேன் என்று புதிய சிஸ்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "உன் கை சின்னதாச்சேடி" என்றார். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. தூங்கப் போகும் முன் கார்டை எடுத்துக் கைப்பையில் வைத்ததைப் பார்த்தேன்.

என் சீட்டையும் நாளையே கொடுத்துவிடுவேன் என்று எழுத ஆசைதான். அவ்வளவு தைரியம் இல்லை. எடுத்துக்கொண்டு மட்டும் போகிறேன். சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தச் சீட்டும், கையை வைக்கும் விதமும்தான். கையை அழுத்தக் கூடாது, விரலைக் கொஞ்சம் விரித்து, தான் மட்டும் பார்க்கும்படி வைக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் அந்தப் பெஞ்சில் இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது தெரிகிற கண்ணாடி ஒரு சோப்பு டப்பா அளவுதான். இப்போது நோட்டின் மேல் இடது கையை வைத்துப் பார்த்தேன். போதும்.