கதவு உயரத்தில் அம்மா

உள்ளங்கை அளவு ஸ்கெட்ச் புத்தகத்தில் அம்மா தீப்பெட்டி ஒட்டுவதை வரைந்தபோது எல்லாரும் பாராட்டினார்கள்.

அதையே கதவு உயரத்துக்குத் துணியில் வரைந்து, இன்று கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை பஸ்ஸில் சட்டத்தோடு ஏற்றினேன்.

கண்டக்டர் முகம் வாடிவிட்டது. "அடடா, அம்மா எப்பம் தவறுனாவ?"

"நல்லா இருக்காவ அண்ணாச்சி. இது ஓவியம்."

"இம்புட்டுப் பெருசாவா?"

பக்கத்து சீட் அக்கா உச்சுக்கொட்டினார். "தேதி எழுத கீழ இடம் விட்டிருக்கா, பாருங்க."

எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு விட்ட வெற்றிடம் அது!

வீட்டில் அம்மா படத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "பத்திரமா எடுத்து வைட்டி. பின்னால ஆவும்."

கட்சித் தலைவரைத் தவிர, உயிரோடு இருக்கிற ஒருவரை நம்மூரில் யாராவது இவ்வளவு பெருசாக வரைந்ததுண்டா? இருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.